மூவரில் ஒருவர் விலக வேண்டும் என்னும் விதி

சிறு தொழில் நடத்துவோர் இருவர் மூவராகச் சேர்ந்து வந்து, தங்களுக்கும் ஒரு லிமிடெட் கம்பெனி அமைத்துத் தருமாறு உங்கள் மேஜை முன் அமரும்போது, நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி மூலதனத்தைப் பற்றியதன்று. அதைச் சொல்வதற்காகவே இதனை எழுதத் துணிந்தேன். பத்திரங்களை எம்முறையில் எழுதுவது, எத்தனை பிரதிகள் எடுப்பது, எந்த அலுவலகத்துக்கு எவ்வளவு முத்திரையோடு அனுப்புவது என்பனவற்றை உங்கள் கையிலுள்ள புத்தகங்கள் என்னைவிட நன்றாகக் கூறும்.

நான் மூன்றாம் பாரத்துக்கு மேல் படித்தவனல்லன். சேலத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக அமர்ந்து, அவர் கோர்ட்டுக்குப் போயிருக்கும் வேளைகளில் அவருடைய சட்டப் புத்தகங்களை ஓர் அகராதியின் துணைகொண்டு வரிவரியாகப் படித்துத் தேறியவன். அப்படிப் படித்தவனுக்கு ஒரு பலவீனம் உண்டு. அச்சில் ஏறிய எழுத்து எதுவாயினும் அது தன்னைவிடப் பெரியது என்று அவன் நம்பிவிடுவான். அந்தப் பலவீனத்தால் நான் செய்த பிழை ஒன்றையும், அதனால் ஒரு மனிதர் தாம் உண்டாக்கிய கம்பெனியில் தம் இடத்தை இழந்து மூன்றாண்டுகள் வெளியே நின்றதையும் இங்கே எழுதுகிறேன்.

யுத்தத்துக்குச் சில ஆண்டுகள் முன்னர், நாமக்கல்லிலிருந்து ராசிபுரம் வழியாகச் சேலத்துக்கு இரண்டு பஸ்கள் ஓட்டிக்கொண்டிருந்த மூவர் எங்கள் வக்கீலிடம் வந்தனர். முதலாமவர் நல்லண்ணக் கவுண்டர். புதுச்சத்திரத்துக்கு அருகே தோட்டமும் காடும் உடையவர். கரும்பு விற்று முதல் பஸ்ஸை வாங்கியவர் அவரே. இரண்டாமவர் செவ்வாய்ப்பேட்டையில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்த ஆறுமுகம் செட்டியார். இரண்டாவது பஸ் அவருடைய முதலில் வந்தது. மூன்றாமவர் ரங்கசாமி. கூலிக் குடும்பத்தில் பிறந்து, ஏற்காட்டில் ஒரு துரையின் மோட்டாருக்குக் கிளீனராகப் போய், அங்கேயே ஓட்டவும் பழுது பார்க்கவும் கற்றுத் திரும்பியவர். அவர் போட்ட முதல் ஒன்றுமில்லை. ஆனால் அவர் கை படாத நாளில் இரண்டு பஸ்களும் நகரமாட்டா.

அதுவரை அவர்களுக்குள் வாய்ச்சொல்லே பத்திரமாக இருந்து வந்தது. ஒரு நாள் ராசிபுரத்துக்கு அப்பால் பஸ் ஒரு கட்டை வண்டியில் இடித்து, மாடு ஒன்றின் கால் முறிந்தது. வண்டிக்காரரின் உறவினர் வழக்குப் போடப் போவதாகச் சொன்னார்கள். பஞ்சாயத்தில் முடிந்துவிட்டதாயினும், கவுண்டரின் தம்பிமார்களைப் பயம் பிடித்துக்கொண்டது. பஸ் செய்த தவற்றுக்காகப் பாட்டன் காலத்துக் காடு ஏலத்துக்குப் போவதா என்று அவர்கள் கேட்டார்கள்.

கவுண்டர் என்னிடம் சொன்னார்: "ஏனுங்க குமாஸ்தா, வண்டி போனா வண்டியோட போகட்டுமுங்க. எங்காட்டுக்குள்ள எவனும் கால் வைக்கக் கூடாது. அதுக்கு என்னமோ கடுதாசி இருக்குதாமே, அத எழுதுங்க."

வரையறுத்த பொறுப்பு என்பதன் பொருளை இதைவிடச் சுருக்கமாகச் சொன்னவரை என் தொழிற்காலம் முழுவதும் நான் சந்திக்கவில்லை. வக்கீல் சிரித்துக்கொண்டே வேலையை என்னிடம் ஒப்படைத்தார். நான் முதன்முதலாகத் தனித்து அமைத்த கம்பெனி அதுவே.

கம்பெனியின் நோக்கப் பத்திரத்தை எழுத இரண்டு பகல்கள் ஆயின. பெயர் என்ன, பதிவு அலுவலகம் எங்கே, எந்தத் தொழிலுக்காக, பொறுப்பு எவ்வளவு, மூலதனம் எவ்வளவு என்னும் ஐந்துக்கும் விடை கண்டால் அப்பத்திரம் முடிந்தது. முதல் நான்கும் எளிதாக முடிந்தன. பங்குகளைப் பிரிக்கும் இடத்தில் கவுண்டர் கையை உயர்த்தினார்.

"ஆத்தா பேருல ஒரு பங்கு எழுதோணுமுங்க. கூட்டுல எப்பவும் ஆத்தாளுக்கு ஒரு பாகம் எடுத்து வச்சுத்தான் வந்தோம்."

செட்டியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "கவுண்டரே, பங்கு வாங்குறவங்க கையெழுத்துப் போடணும். ஆத்தா வந்து போடுவாளா?"

"நீங்க முதல்ல ஒழுங்காப் போடுங்க செட்டியாரே. உங்க கையெழுத்தப் பாத்தா கோழி கிண்டுன மாதிரி இருக்குது."

தெய்வத்தின் பெயரை உறுப்பினராக எழுதினால் ரிஜிஸ்திரார் திருப்பிவிடுவார் என்பதை நான் அறிவேன். கவுண்டரின் மனத்தைத் தள்ளவும் கூடாது. ஆகவே, பங்கு மனிதர்களுக்கே இருக்கட்டும், பஸ்ஸின் நெற்றிப் பலகையில் ஆத்தாளின் பெயரை எழுதிவிடலாம், ஒவ்வொரு நாளும் முதலில் போகிறவள் அவளாக இருப்பாள் என்றேன். கவுண்டர் சற்று யோசித்து, "அது பங்க விட மேலுங்க" என்று ஒப்பினார்.

ரங்கசாமிக்குப் பங்கு வேண்டும் என்று வற்புறுத்தியவரும் கவுண்டரே. காசு போடாதவருக்குப் பங்கு எப்படி என்று செட்டியார் தயங்கினார். செய்த வேலைக்கும் செய்யப்போகும் வேலைக்கும் ஈடாகப் பங்கு கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது என்றும், அதற்கு ஓர் ஒப்பந்தம் எழுதிப் பதிய வேண்டும் என்றும் நான் விளக்கினேன். "அப்ப எழுதுங்க. பங்கு மட்டுமில்லீங்க, டைரக்டராவும் போடுங்க. மூணு பேருன்னா மூணு பேருதான்" என்றார் கவுண்டர்.

கையெழுத்திடும்போது ரங்கசாமி நாற்காலியில் அமரவில்லை. கவுண்டர் முன்னால் அவர் அமர்ந்து யாரும் பார்த்ததில்லை. அவருடைய தந்தையும் பாட்டனும் கவுண்டர் வீட்டு வெளிவாசலோடு நின்று பேசிப் பழகியவர்கள். நின்றபடியே மேஜை மீது குனிந்து, எழுத்து எழுத்தாகத் தம் பெயரை எழுதினார். பிறகு அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தார்.

"என்னப்பா பாக்கற?" என்றார் கவுண்டர்.

"ஒண்ணுமில்லீங் சாமி. உங்க பேருக்குக் கீழயே எம்பேரு இருக்குதுங்க."

"வேற எங்க இருக்கும்? வா, வண்டிக்கு நேரமாச்சு."

சாட்சியாகக் கையெழுத்திட்டவன் நான். அந்த நிமிஷத்தை இன்று நினைத்தாலும், திரும்பவும் அந்த மேஜைக்கு அருகே போய் நிற்க மாட்டோமா என்றிருக்கிறது.

இனி என் பிழைக்கு வருகிறேன். கம்பெனி எதற்காக என்று கூறுவது ஒரு பத்திரம். அதை நடத்துவோர் தமக்குள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கூறுவது மற்றொன்று. இரண்டாவதை அவரவர் தேவைக்கேற்ப எழுதிக்கொள்ளலாம். எழுதாவிடில், சட்டப் புத்தகத்தின் பின்னால் அச்சிட்டிருக்கும் மாதிரி விதிகளே பொருந்தும். நூற்றுக்கு மேற்பட்ட விதிகள். அழகிய அச்சு. அவற்றைப் பார்க்கும்போதே எனக்குக் கைகுவிக்கத் தோன்றும். இந்த மூவரும் யார், ஒருவருக்கொருவர் என்ன உறவு, எது அவர்களைப் புண்படுத்தும் என்றெல்லாம் கேட்டு நான் எழுதியிருக்க வேண்டும். "மாதிரி விதிகளே இக்கம்பெனிக்குப் பொருந்தும்" என்று ஒரே வரியில் முடித்தேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

அந்த விதிகளுள் ஒன்று, ஆண்டுதோறும் டைரக்டர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பதவியிலிருந்து விலக வேண்டும் என்பது. விலகியவரையே மீண்டும் தேர்ந்தெடுக்கலாம். பெரிய கம்பெனிகளில் இது வெறும் சடங்கு. முதலாண்டுப் பொதுக்கூட்டத்தில் எல்லோரும் விலகி எல்லோரும் மீண்டும் வந்ததாக நானே குறிப்பு எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். இரண்டாம் ஆண்டில் மூவரில் ஒருவர் விலக வேண்டும். மூவரும் ஒரே நாளில் பதவி ஏற்றவர்களாதலால், யார் என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்ய வேண்டும் என்றது விதி.

கூட்டம் பஸ்கள் நிற்கும் நாமக்கல் ஷெட்டில் நடந்தது. விதியை நான் தமிழாக்கி உரக்கப் படித்தேன். கவுண்டரின் முகம் மாறிற்று.

"சீட்டுங்களா?" என்றார். "ஏனுங்க, சீட்டுப் போடாம முடியாதுங்களா?"

"சட்டத்தின் கட்டளை, முடியாது" என்றேன்.

அவர் என்னிடம் கேட்டது என்ன என்பதை நான் அப்போது உணரவில்லை. அந்தப் பக்கத்துக் குடியானவர்கள் எப்போது சீட்டுப் போடுவார்கள் என்பதை நான் அறியாதவனல்லன். அண்ணன் தம்பிகள் பாகம் பிரியும்போது, நிலத்தைச் சமமாக வகுத்து, பெயர்களை ஓலையிலோ தாளிலோ எழுதி, தெய்வத்தின் முன் போட்டு, பொதுவான ஒருவரை எடுக்கச் சொல்வார்கள். எடுத்தது எடுத்ததுதான். அதன் பிறகு அதை மாற்றிக் கேட்பதும், மாற்றித் தருவதாகச் சொல்வதும் தெய்வத்தை மறுத்துப் பேசுவதாகும். அன்று முதல் அடுப்பு வேறு, வாசல் வேறு. சீட்டு என்னும் சொல்லை நான் படித்தபோது, கவுண்டரின் செவியில் விழுந்தது பாகப்பிரிவினை.

மூன்று துண்டுகளில் மூன்று பெயர்களை நானே எழுதினேன். ஷெட்டில் பொதுவானவர் யாருமில்லை. ராசிபுரம் போவதற்காக வெளியே கோழிக்கூடையோடு காத்திருந்த ஓர் அம்மாளைச் செட்டியார் அழைத்துவந்தார்.

"என்னத்துக்குங்க என்னைய? வண்டி போயிருமுங்களே" என்றார் அந்த அம்மாள்.

"வண்டிக்காரங்களே இங்கதாம்மா இருக்கோம். நீ எடுக்காம வண்டி நகராது" என்றார் செட்டியார்.

அவர் கோழிக்கூடையைக் கீழே வைத்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, ஒரு துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். பிரித்தேன். நல்லண்ணக் கவுண்டர் என்றிருந்தது. படித்தேன்.

அடுத்து நடக்க வேண்டியது எளிது. செட்டியாரோ ரங்கசாமியோ, "கவுண்டரையே மறுபடியும் வைக்கிறோம்" என்று சொல்ல வேண்டும். நான் பேனாவை மையில் தொட்டுக்கொண்டு காத்திருந்தேன். செட்டியார் கவுண்டரின் வாயைப் பார்த்தார். கவுண்டரே ஏதேனும் சொல்வார் என்று எண்ணியிருப்பார். ரங்கசாமி தரையைப் பார்த்தார். சீட்டு எடுத்தபின் மறுபேச்சுப் பேசுவதை அவர் கனவிலும் எண்ணியவரல்லர். நான் பங்குதாரனல்லன், கூட்டத்தில் வாய் திறக்க எனக்கு உரிமையில்லை என்று விதியை நினைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

கவுண்டர் எழுந்தார். தோள் துண்டை உதறி மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"சரீங்க. ஆத்தா காட்டிட்டா" என்றார். "வண்டியப் பாத்துக்கோ ரங்கா."

அவர் வெளியே போய், ஆத்தாள் பெயர் எழுதிய பஸ்ஸைத் திரும்பிப் பாராமல், வெயிலில் நடந்தே போய்விட்டார். அந்தக் கோழிக்கூடை அம்மாள் மட்டும், "நான் ஏதும் தப்பா எடுத்துட்டனுங்களா?" என்று கேட்டுக்கொண்டு நின்றார். 

சேலம் திரும்பி வக்கீலிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் புத்தகத்தைத் திறந்து, இரண்டு இடங்களில் விரலை வைத்துக் காட்டினார். சீட்டைப் பற்றிய விதியின் நடுவே, அடைப்புக்குறிக்குள், "தமக்குள் வேறுவிதமாக உடன்பட்டாலன்றி" என்றிருந்தது. நான் தமிழாக்கும்போது அடைப்புக்குறியைத் தாண்டிப் போயிருந்தேன். மூவரும் பேசி ஒத்துக்கொண்டிருந்தால் சீட்டே வேண்டியதில்லை. "முடியாதுங்களா?" என்று அவர் கேட்டபோது, முடியும் என்பதே சட்டத்தின் விடை. அதை மறைத்தவன் நான்.

இரண்டாம் இடம் எனக்குச் சற்று உயிர் தந்தது. விலகியவரின் இடம் நிரப்பப்படாவிடில், கூட்டம் அடுத்த வாரம் அதே நாளுக்கு ஒத்திவைக்கப்பட்டதாகும். அன்றும் நிரப்பப்படாவிடில், விலகியவரே மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டதாகக் கருதப்படுவார். ஆகவே ஒருவரும் ஒன்றும் செய்யாதிருந்தால் போதும். அடுத்த வாரம் நான் போனேன். கூட்டம் கூடியது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நல்லண்ணக் கவுண்டர் சட்டப்படி மீண்டும் டைரக்டரானார். அன்றே பதிவுத் தபாலில் அவருக்கு அழகான ஒரு கடிதம் அனுப்பினேன்.

பதில் வராமற்போகவே நேரில் சென்றேன். கிணற்று மேட்டில் மாட்டுக் கவலையில் நீர் இறைத்துக்கொண்டிருந்தவர், மாட்டை நிறுத்திவிட்டு வந்து, எனக்கு மோர் கொடுக்கச் சொன்னார்.

"கடுதாசி வந்துதுங்க. பையன் படிச்சுச் சொன்னான்."

"அப்படியானால் வாருங்கள். தாங்கள் இப்போதும் டைரக்டர்தான். சட்டமே தங்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது."

அவர் சொம்பைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். "சட்டம் கூப்புட்டுதுங்க, சரி. ஆளு யாரு கூப்புட்டாங்க?"

நான் கடிதத்தின் நகலைப் பையிலிருந்து எடுக்கப் போனேன்.

"அண்ணந்தம்பிக்குள்ள சீட்டுப் போட்டாலும், பொறகு ஒரு நோம்பிக்கு நல்லது கெட்டதுக்குத் தட்டத்துல வெத்தல பாக்கு வச்சு ஊடு தேடி வந்து கூப்புடுவாங்க. கூப்புட்டாப் போவோம். தபால்காரனா வந்து கூப்புடறது? மோரக் குடிங்க, வெயிலாறிப் போலாம்."

வக்கீல் குமாஸ்தாவாகிய நான் தட்டத்தோடு போனால் அது அழைப்பாகாது, நான் கூட்டாளியல்லன். செட்டியாரிடம் சொன்னேன். "அவரா எந்திரிச்சுப் போனார். நான் போய்க் கூப்பிட்டா, நான்தான் அனுப்பினேன்னு ஆகாதா?" என்றார். ரங்கசாமியிடம் சொன்னேன். அவர் பஸ்ஸின் அடியில் படுத்திருந்தவர், வெளியே வராமலேயே பதில் சொன்னார்.

"நான் எப்படீங்க போறது? அவுங்க ஊட்டு வாசலுக்கு அக்கட்டால நான் போனதே இல்லீங்க. தட்டத்த எடுத்துட்டுப் போனா, எங்க நின்னு குடுக்கறது? வாசல்ல கீழ வச்சுட்டு வரதுக்கு அது அழைப்புங்களா, படையலுங்களா?"

இரண்டு பெயர்களையும் ஒரு தாளில் அடுத்தடுத்து எழுதியவன் நான். அந்தத் தாளுக்கும் அந்த வாசலுக்கும் இடையே எவ்வளவு தொலைவு என்று எழுதும்போது நான் அளந்து பார்க்கவில்லை.

இப்படியே ஆண்டுகள் போயின. கவுண்டருக்கு ராசிபுரத்திலும் சேலத்திலும் வேலை இல்லாமலில்லை. வேறு பஸ்ஸும் இல்லை. முன்பெல்லாம் டிரைவருக்குப் பக்கத்து இடத்தில் அமர்ந்து வருவார். இப்போது பின்னால் ஏறி, கடைசிப் பெஞ்சில், மூட்டைகளுக்கு நடுவே அமர்ந்தார். டிக்கெட்டுக்குக் காசைச் சரியாக எடுத்து நீட்டுவார். கண்டக்டர் வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் தவிப்பான். நானும் பலமுறை அந்தப் பயணங்களில் இருந்திருக்கிறேன். ஒரு முறை ரங்கசாமி பஸ்ஸை நிறுத்திவிட்டுத் திரும்பி, "முன்னால வந்து உக்காருங் சாமி, எடமிருக்குதுங்க" என்றார்.

"பின்னாலைக்குத்தாம்ப்பா டிக்கட்டு வாங்கியிருக்கறன். நீ ஓட்டு" என்றார் கவுண்டர்.

பஸ் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. ரங்கசாமி ஓட்டினார். அன்று முதல் புதுச்சத்திரத்துக்கு முன்னால் கவுண்டரின் தோட்டத்தருகே, யாரும் கேட்காமலே பஸ் நிற்கும். அவர் இறங்குவார். டிரைவரும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அவர் வரப்பில் ஏறிய பிறகே பஸ் புறப்படும். பயணிகள் முணுமுணுப்பார்கள். அதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை. பிரிந்தவர்கள் பகைத்துக்கொண்டு பிரிந்தால் பார்ப்பவனுக்கு ஒரு நாளோடு போய்விடும். இவர்கள் வாரம் இருமுறை இருபது மைல் ஒரே கூரையின் கீழ் ஒருவரையொருவர் எதிர்பார்த்துக்கொண்டு போனார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நடுப்பெஞ்சில் அமர்ந்திருப்பது எனக்கு நேர்ந்த தண்டனை.

சீட்டுப் போடுவதை நான் நிறுத்திவிட்டேன். அடுத்த ஆண்டு செட்டியாரும், அதற்கடுத்த ஆண்டு ரங்கசாமியும் தமக்குள் பேசி முறை வைத்து விலகி, அன்றே மீண்டும் வந்தார்கள். மூன்றாம் ஆண்டு சுற்று மறுபடியும் கவுண்டரிடம் வந்து நின்றது. அப்போது யுத்தம் தொடங்கி, பெட்ரோல் அரிதாகி, கரி வாயுவில் ஓட்டுவதற்காகப் பஸ்ஸுக்குப் பின்னால் கரி அடுப்புப் பூட்டுவதா என்ற கவலை வந்திருந்தது. செட்டியார் என்னைச் செவ்வாய்ப்பேட்டைக் கடைக்கு அழைத்தார்.

"வராதவர் பேரை இன்னும் எத்தனை வருஷம் எழுதிக்கிட்டே இருப்பீர்? இந்தத் தடவை அவர் இடத்துக்கு என் மருமகனைச் சொல்லப்போறேன். கரி அடுப்பு விஷயம் அவனுக்குத் தெரியும். கவுண்டர் வந்து உக்காந்தா நான் வாயே திறக்கல. வரலைன்னா என்னைத் தப்பு சொல்லாதீர்."

அவர் சொன்னதில் தவறில்லை. இம்முறை மௌனம் காப்பாற்றாது. ஒருவர் பெயரைச் சொன்னால் இடம் நிரம்பிவிடும். தாளில் மட்டுமாவது இருந்த கவுண்டர் அதிலிருந்தும் போய்விடுவார். நான் நேராக நாமக்கல் சென்று ரங்கசாமியிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த ஸ்பானரைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். கை கால் கழுவிக்கொண்டு வந்தார்.

"வெத்தல எங்க நல்லா இருக்கும்ங்க இன்னைக்கு?" என்றார்.

வெற்றிலை, பாக்கு, இரண்டு எலுமிச்சை, ஒரு சீப்புப் பழம் வாங்கினோம். தட்டம் ஷெட்டில் இல்லை. பக்கத்துக் கடையில் புதிதாக ஒன்று வாங்கினார். பிற்பகல் பஸ்ஸில் போய்த் தோட்டத்தருகே இறங்கினோம். அன்று முதன்முறையாக ரங்கசாமியைப் பயணியாகக் கண்டேன். பஸ்ஸை ஓட்டிவந்த இளைஞன் இரண்டு முறை திரும்பித் திரும்பிப் பார்த்தான். என் பையில், கவுண்டரை மீண்டும் டைரக்டராக முன்மொழியும் தாள்களைத் தயாராக எழுதி வைத்திருந்தேன்.

வெளிவாசலில் ரங்கசாமியின் கால்கள் நின்றுவிட்டன. நான் அவரைத் தள்ளவுமில்லை, தேற்றவுமில்லை. அந்த இடத்தில் பேசும் உரிமை உண்மையாகவே எனக்கு இல்லை. உள்ளே கட்டிலில் அமர்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்த கவுண்டர் எங்களைப் பார்த்தார். தட்டத்தைப் பார்த்தார். எழுந்து நின்றார். ஆனால் அவர் வாசலுக்கு வரவில்லை. அவர் வந்து வாங்கிக்கொண்டால், பாட்டன் காலத்தைப் போலவே வாசலோடு முடிந்துவிடும். அதை அவர் அறிந்தே நின்றார் என்று இன்றும் நம்புகிறேன்.

"கூப்பிட வந்தவன் அங்கயே நின்னா எப்புடி?" என்றார். "ஊட்டுக்குள்ள வா."

ரங்கசாமி செருப்பைக் கழற்றினார். வாசலைத் தாண்டினார். தட்டத்தை இரு கைகளாலும் நீட்டினார். 

"வாங் சாமி" என்றார். அவ்வளவுதான்.

கவுண்டர் தட்டத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, உள்ளே திரும்பித் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். "வாரேன்" என்றார். பிறகு கட்டிலில் அமர்ந்து, பக்கத்தில் கையால் தட்டிக் காட்டினார். ரங்கசாமி மறு ஓரத்தில், பாதி உடம்பு கட்டிலிலும் பாதி காற்றிலுமாக அமர்ந்தார். இருவரும் எங்கே தொடங்குவது என்று மூன்றாண்டுகளையும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

கவுண்டர் கேட்டார்: "ரெண்டாங் கியரு மாத்தும்போது ஒரு கரகரப்பு வருதே, அது என்னப்பா?"

ரங்கசாமி நிமிர்ந்தார். "உங்களுக்கு எப்படீங்க தெரியும்?"

"கடேசிப் பெஞ்சுக்கு நேர் கீழதான வருது. போன ஆடியிலிருந்து கேட்டுட்டிருக்கறன். மொதல்ல மல்லூர் மேட்டுல மட்டும் வந்துது. இப்ப ராசிபுரம் தாண்டுனாலே வருது. நீ காதுல வாங்கறியா இல்லியான்னு நெனச்சுப்பேன்."

"வாங்கிட்டுத்தான் இருக்கறனுங்க. அது கியருல இல்லீங்க, பின்னால ஷாப்டுல."

"ஷாப்டா? நான் பல்லு தேஞ்சிருச்சுன்னு நெனச்சன்."

"பல்லு தேஞ்சா மேட்டுல எறங்கும்போதும் வருமுங்க. எறங்கும்போது வருதுங்களா?"

கவுண்டர் கண்ணை மூடிக்கொண்டு, மனத்துக்குள் அந்த மேட்டில் இறங்கிப் பார்த்தார். "இல்ல" என்றார். "எறங்கும்போது வரல."

ரங்கசாமி முழுவதுமாகக் கட்டிலில் ஏறி அமர்ந்து, திரித்த கயிற்றை எடுத்து, ஷாப்ட் எங்கே எப்படி ஆடுகிறதென்று முடிச்சுப் போட்டுக் காட்டத் தொடங்கினார். தண்ணீர் வந்தது, குடித்தார்கள். பிறகு காப்பி வந்தது. கம்பெனி, டைரக்டர், கூட்டம் என்னும் சொற்களை ஒருவரும் எடுக்கவில்லை. நான் பையைத் திறக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு, வெயில் வாசலைவிட்டு இறங்கும்வரை, அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு அமர்ந்திருந்தேன்.